சர்வீஸ் புக் யார் கையில்?

(கழக்கூட்டத்தில் நடந்த அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"இணையமும் பகிர்வுத் தளங்களும் நம் உத்யோகங்களை எப்படி மாற்றுகின்றன" என்பது செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு. எழுபது தாண்டிய பென்ஷன்காரனுக்கு எதற்கு இந்த விஷயம் என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்காரர்கள் பேசினால் எங்களுக்குப் புரிவதில்லை. நீங்கள் பேசினால் இரண்டு பேருக்கும் புரியும்" என்றார். நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு 38 வருஷம் கணக்குத் துறையில் ஃபைல் பார்த்தவன். ஆகையால் மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்பதைவிட, கணக்குப் புஸ்தகம் யார் அலமாரியில் இருக்கிறது என்பதில்தான் என் கண் முதலில் போகும். இன்றைக்கும் அப்படித்தான் பார்த்துச் சொல்லப் போகிறேன்.

இந்தப் பேச்சை நம் இதழில் படிக்கப்போகும் வெளியூர் அங்கத்தினர்களுக்காக ஒரு வார்த்தை. கழக்கூட்டம் திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கொல்லம் போகும் சாலையில் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தப் பக்கம் தென்னந்தோப்பும், 1962-ல் ஆரம்பித்த சைனிக் ஸ்கூலும்தான் அடையாளம். கொஞ்சம் மேற்கே போனால் தும்பா. 1963 நவம்பர் 21-ஆம் தேதி நம் தேசத்து மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய இடம். 1990-ல் கேரள அரசாங்கம் இங்கே டெக்னோபார்க்கை ஆரம்பித்தது. கெல்ட்ரானை உண்டாக்கிய கே.பி.பி. நம்பியார்தான் இதற்கும் முதல் தலைவர். இந்தியாவில் இப்படி ஒரு பார்க் இதுதான் முதல். கட்டிடங்களுக்கு நதிகளின் பெயர் வைத்தார்கள்: பம்பா, பெரியாறு, நிளா, காயத்ரி, பவானி, தேஜஸ்வினி. பாலக்காட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்கு நிளா, காயத்ரி என்று போர்டைப் பார்த்தால் ஏதோ பிறந்த ஊருக்கே வேலைக்கு வந்த மாதிரி இருக்கும். இன்று 75,000 பேருக்கு மேல் உள்ளே வேலை செய்கிறார்கள். அவர்களை நம்பி வெளியே இருப்பவர்கள் எத்தனை பேரோ! ஹாஸ்டல், மெஸ், டாக்ஸி, இஸ்திரி, சாப்பாடு கொண்டுவருபவர்கள். 2020 மார்ச்சில் எல்லோரும் லாப்டாப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது, வீட்டிலிருந்தே வேலை நடந்தது; கம்பெனிகள் நிற்கவில்லை. வாசலில் இருந்த மெஸ்ஸும் ஹாஸ்டலும்தான் நின்றன. இணைப்பு என்பது எல்லோரையும் ஒரே மாதிரி இணைப்பதில்லை என்று அப்போது கண்ணால் பார்த்தோம்.

நம் சமூகத்துக்கு இந்த மாதிரி மாறுதல் புதிதில்லை. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் பாலக்காட்டிலும் கரமனையிலும் எஸ்.எஸ்.எல்.சி. முடிந்த கையோடு பையன்கள் எங்கே போனார்கள்? டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு! லோயர், ஹையர், பிறகு ஷார்ட்ஹாண்ட். பம்பாயிலிருந்து அத்தான் கடிதம் எழுதுவார்: "இங்கே ஸ்டெனோ வேண்டுமாம், அம்பியை அனுப்பு." ஒரு டிரங்குப் பெட்டி, மாட்டுங்காவில் நாலு பேரோடு ஒரு அறை. அந்த இன்லண்ட் லெட்டரும் மாட்டுங்கா அறையும்தான் அன்றைய நெட்வொர்க். அதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். முதலாவது, வித்யை விரலில் இருந்தது. ரெமிங்டன் மெஷின் முதலாளியுடையது, வேகம் பையனுடையது. ஒரு ஆஃபீஸை விட்டு இன்னொரு ஆஃபீஸுக்குப் போனால் வேகமும் கூடவே போகும்; சர்க்கார் கொடுத்த சர்ட்டிபிகேட்டும் பெட்டியில் இருக்கும். இரண்டாவது இதைவிட முக்கியம். மானேஜர் சொல்லச்சொல்ல எழுதிய பையன் வியாபாரக் கடிதம் எப்படி எழுதுவது, பாக்கியை எப்படிக் கேட்பது, கம்பெனிச் சட்டத்தில் எந்த செக்ஷன் என்று கூலி வாங்கிக்கொண்டே கற்றுக்கொண்டான். ஸ்டெனோவாகச் சேர்ந்து கம்பெனி செக்ரெடரியாக ரிடையர் ஆன மாமாக்கள் இந்த ஹாலிலேயே இருக்கிறார்கள். 2009-ல் கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ் ஆஃபீஸ் டைப்ரைட்டர் செய்வதை நிறுத்தினார்கள். அதற்குள் மெஷின் இல்லாமலே பிழைக்க நம்மவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஏனென்றால் அந்த வேலைக்குள்ளேயே அடுத்த வேலைக்கு ஏணி இருந்தது.

இப்போது வாசலுக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு மருந்து கொண்டுவந்த பையன் ஒருவன் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான். என் ஆத்துக்காரி காப்பி கொடுத்து உட்காரச் சொன்னாள். பேச்சுக் கொடுத்தேன். மெக்கானிகல் டிப்ளமோ. மூன்று வருஷமாக இந்த வேலை. முதல் இரண்டு வருஷம் வேறொரு கம்பெனியில் சாப்பாடு கொண்டுகொடுத்தான். ஐந்து நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மதிப்பெண் வைத்திருந்தான். ஒருநாள் காலையில் ஃபோனைத் திறந்தால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. காரணம் போடவில்லை. ஒரு நம்பர் இருந்தது. அதில் பேசியது ரெக்கார்ட் செய்த குரல். நாலு நாள் பார்த்தான். அதற்குமேல் தாங்காது, பைக் தவணை இருக்கிறது. இந்தக் கம்பெனிக்கு வந்தான். இங்கே அவன் புது ஆள். இரண்டு வருஷ நல்ல பெயரில் ஒரு நட்சத்திரம்கூடக் கூட வரவில்லை. "அது அங்கேயே இருக்கிறது ஸாரே" என்றான்.

சர்க்கார் உத்யோகத்தில் இருந்தவர்களுக்கு இது என்ன மாதிரி வலி என்று உடனே புரியும். நமக்கு ஒரு சர்வீஸ் புக் இருந்தது. சேர்ந்த தேதி, இன்க்ரிமென்ட், லீவு, மாற்றல், பரீட்சை பாஸ் பண்ணியது, தண்டனை என்றால் அதுவும், எல்லாம் அதில் ஏறும். வருஷத்துக்கு ஒருதரம் நம்மிடம் காட்டி, பார்த்தேன் என்று கையெழுத்து வாங்கவேண்டும் என்பது விதி. மாற்றலானால் அந்தப் புஸ்தகம் புது ஆஃபீஸுக்குப் பின்னாலேயே வரும். சில சமயம் ஆறு மாசம் கழித்து வரும், அது வேறு கதை! ஆனால் வரும். ரகசிய ரிப்போர்ட் என்று ஒன்று இருந்ததே, மேலதிகாரி நம்மைப் பற்றி என்ன எழுதினார் என்று தெரியாமல் வயிற்றைக் கலக்கிக்கொண்டிருப்போமே, அதையும் 2008 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் தேவ் தத் வழக்கில் மாற்றிவிட்டது. மோசமான குறிப்பு மட்டும் என்றில்லை, ஒவ்வொரு குறிப்பையும் அந்த உத்யோகஸ்தருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் மறுப்புச் சொல்ல அவகாசம் வேண்டும் என்று தீர்ப்பு.

மருந்துப் பையனுக்கு ரகசிய ரிப்போர்ட் எழுதும் அதிகாரிகள் எத்தனை பேர்? லிஃப்ட் வேலை செய்யாததால் தாமதமாக வந்ததற்கு ஒரு நட்சத்திரம் குறைத்த நாம் ஒவ்வொருவரும். அதைக் கூட்டிக் கழித்துத் தீர்ப்புச் சொல்வது ஒரு புரோகிராம். அந்தத் தீர்ப்பை அவனிடம் யாரும் படித்துக் காட்டுவதில்லை. மாற்றலாகும்போது புஸ்தகமும் வருவதில்லை. இன்று நான் பேச வந்த விஷயம் இந்தப் புஸ்தகம்தான்.

வழி தெரிந்த ட்ரைவர் என்று நாம் தேடிப் போன காலம் உண்டல்லவா? அந்த வித்யை எங்கே போயிற்று என்று லண்டனில் பார்க்கலாம். அங்கே கறுப்பு டாக்ஸி ஓட்ட வேண்டுமானால் 'நாலெட்ஜ்' என்ற பரீட்சை, 1865-லிருந்து நடக்கிறது. சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல், சுமார் 25,000 தெருக்கள் மனப்பாடம். படிக்கவே மூன்று நான்கு வருஷம் ஆகும். இந்த ட்ரைவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்து, வழியை ஞாபகம் வைக்கும் பாகத்தின் ஒரு பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருக்கிறது என்று 2000-ல் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜ் விஞ்ஞானிகள் கண்டார்கள். வேத பாடம் சொன்னவர்களின் வம்சத்தில் வந்த நமக்கு இது ஆச்சரியமாக இருக்காது. 2012-ல் ஊபர் அங்கே வந்தது. மூன்று வருஷப் படிப்பு செல்ஃபோன் திரையில் ஒரு நீலக்கோடாகிவிட்டது. பிரயாணிக்கு சௌகரியம்தான், நானும் அதில்தான் போகிறேன். ஆனால் வழி தெரிவது ட்ரைவரின் சொத்தாக இருந்தது, இப்போது மேப்பின் சொத்து. ட்ரைவரிடம் மிச்சம் இருப்பது ஸ்டியரிங்கும் கடனும்.

நம் ஊரில் இதற்கு ஒரு மாற்று செய்து பார்த்தார்கள். 2022 ஆகஸ்ட் 17, சிங்கம் ஒன்றாம் தேதி, திருவனந்தபுரத்தில் 'கேரள ஸவாரி' என்ற டாக்ஸி சேவையை அரசாங்கத்தின் தொழிலாளர் துறை ஆரம்பித்தது. அரசாங்கமே நடத்தும் ஆன்லைன் டாக்ஸி, தேசத்தில் முதல் முயற்சி. பாலக்காட்டு ஐ.டி.ஐ., அதாவது நம் பழைய டெலிபோன் செய்த இண்டியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், டெக்னிகல் பொறுப்பை எடுத்துக்கொண்டது. தனியார் கம்பெனிகள் கால் பங்கு வரை பிடிக்கும் இடத்தில் இவர்கள் வைத்த சேவைக் கட்டணம் 8 சதவீதம். எண்ணம் ரொம்ப நல்லது. நடைமுறையில் கூப்பிட்டால் வண்டி வரவேண்டுமே! வண்டி இல்லை என்று பிரயாணி போகவில்லை, பிரயாணி இல்லை என்று வண்டி சேரவில்லை. 2025-ல் புது உருவத்தில் மறுபடி கொண்டுவந்தார்கள். இதற்கு நடுவில், 2022 நவம்பரில், பெங்களூரில் ஆட்டோ ட்ரைவர்களுக்காக 'நம்ம யாத்ரி' வந்தது. சவாரிக்கு இத்தனை சதவீதம் என்று பிடிக்காமல் நாளுக்கு ஒரு சிறு சந்தா. அதன் புரோகிராமை யாரும் பார்க்கலாம் என்று திறந்தே வைத்திருக்கிறார்கள். அரசாங்க முத்திரை இருந்ததா, இல்லையா என்பதைவிட ஆள் கூடினார்களா என்பதுதான் இந்த வியாபாரத்தில் பெரிது. ரிடையர்டு சர்க்கார்காரன் நானே இதைச் சொல்கிறேன்.

டாக்ஸி, டெலிவரி என்று பேசிக்கொண்டே போகிறாரே, நம் குழந்தைகள் இன்ஜினீயர்கள் அல்லவா என்று பின்வரிசையில் நினைக்கிறீர்கள். உங்களிடமே வருகிறேன்.

ஸாஃப்ட்வேர்க்காரர்களுக்கு 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' தெரியாமல் இருக்காது. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: 2008-ல் ஆரம்பித்த ஒரு கேள்வி-பதில் மண்டபம். உலகத்தில் எந்த மூலையில் யாருக்குப் புரோகிராமில் சிக்கல் வந்தாலும் அங்கே கேட்பார். தெரிந்தவர் பதில் எழுதுவார். காசு கிடையாது. நல்ல பதிலுக்கு மதிப்பெண். இங்கே தேஜஸ்வினியில் உட்கார்ந்த பையன் எழுதிய பதிலால் பிரேஸிலில் ஒருவன் வேலை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். வித்யா தானம் என்று சொல்கிறோமே, அது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. மதிப்பெண் ஏறினால் கம்பெனிகளும் மதித்தன. ஒருவகையில் அது அவனுடைய சர்வீஸ் புக்.

2022 நவம்பர் 30-ஆம் தேதி சாட்ஜிபிடி வந்தது. இணையத்தில் மனுஷர்கள் எழுதிவைத்ததைக் கோடிக்கணக்கில் படித்துப் பழகிய யந்திரம். இப்போது சிக்கல் வந்தால் பையன்கள் மண்டபத்துக்குப் போகாமல் யந்திரத்தைக் கேட்கிறார்கள். மண்டபத்தில் கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. 2024 மே மாதத்தில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கம்பெனி, சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ-யோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கே பதில் எழுதிவந்த சிலர் கோபம் வந்து, தாங்கள் எழுதியதைத் தாங்களே அழிக்கப் பார்த்தார்கள். நிர்வாகம் அழித்ததைத் திரும்பப் போட்டு, அவர்களைக் கொஞ்ச நாள் விலக்கி வைத்தது. சட்டப்படி கம்பெனி செய்தது தப்பென்று சொல்ல முடியாது. சேரும்போதே எல்லோரும் நிபந்தனையை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம்மில் யார் அதைப் படித்துவிட்டு அமுக்குகிறோம்? ஆனால் தானம் கொடுத்தது எல்லோருக்கும் என்று நினைத்துக் கொடுத்தவர்களுக்கு, வசூல் ஒருவர் பெட்டிக்குப் போகிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

2025 ஜூலையில் டி.சி.எஸ். உலகம் முழுவதும் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. இது யந்திரத்தினால் அல்ல, ஆட்களின் திறமை புது வேலைக்குப் பொருந்தாததால்தான் என்று கம்பெனி சொல்லிற்று. எது காரணமானாலும், அறிவிப்பு வந்த ராத்திரி இந்த ஏரியாவில் பல வீடுகளில் லைட் அணையவில்லை என்பது எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால், போன வேலைகளைவிட ஏணியின் முதல் படிதான் எனக்குக் கவலை. புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கொடுக்கும் சின்னச் சின்ன வேலை, தப்பைக் கண்டுபிடி, டெஸ்ட் பண்ணு, பழைய புரோகிராமைப் படித்துக் குறிப்பு எழுது, இதெல்லாம் மானேஜர் சொல்லி ஸ்டெனோ எழுதிய கடிதம் மாதிரி. அதைச் செய்துதான் பெரிய வேலை பிடிபட்டது. அதை யந்திரம் செய்துவிட்டால் பத்து வருஷம் கழித்து அநுபவஸ்தன் எங்கிருந்து வருவான்? கம்பெனி கணக்கில் இந்தச் செலவுக்கு ஒரு தலைப்பும் இல்லை. தணிக்கைக்காரன் கண்ணில் படாத செலவு!

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இந்த ஊரிலேயே உண்டு. 2001 ஜூலையில் அமெரிக்காவிலிருந்து ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து, ஃப்ரீ ஸாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் இந்தியக் கிளையை ஆரம்பித்து வைத்தார். ஃப்ரீ என்றதும் இலவசம் என்று எண்ணவேண்டாம். மலையாளத்தில் 'ஸ்வதந்த்ர ஸாஃப்ட்வேர்' என்று சரியாகப் பெயர் வைத்தார்கள். புரோகிராமை யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கேரளப் பள்ளிக்கூடங்களின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில வருஷங்களில் முழுக்க அதற்கு மாறியது. லைசன்ஸ் செலவு மிச்சம் என்று அரசாங்கம் சொன்னது. எனக்குப் பெரிதாகத் தோன்றியது வேறு. சர்க்கார் பள்ளி டீச்சர்களே மெஷினைத் திறந்து பழுது பார்க்கவும், பாடத்துக்கு வேண்டிய மாதிரி மாற்றவும் பழகினார்கள். கம்பெனி ஆளுக்காகக் காத்திருக்கவில்லை. வித்யை பள்ளிக்கூடத்திலேயே தங்கிற்று.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் பலனைப் பார்த்தோம். கேரளரெஸ்க்யூ என்ற தளத்தை ஐ.ட்ரிபிள்.இ. அமைப்பின் கேரளக் கிளையும் மாநில ஐ.டி. மிஷனும் கொண்டுவந்தன. புரோகிராமைத் திறந்து வைத்ததால், கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ இளைஞர்கள், இங்கிருந்தும் வெளிநாட்டிலிருந்தும், ராத்திரி பகலாகச் சேர்ந்து எழுதினார்கள். மாடியில் சிக்கியவர் எங்கே இருக்கிறார் என்று அதில் பதிவாகும். பார்ப்பவர் தகவலை மேலே அனுப்புவார். ஆனால் செங்கன்னூரில் வெள்ளத்துக்குள் போனது யார்? பூந்துறை, விழிஞ்ஞம் பக்கத்து மீனவர்கள், வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள். நீரோட்டத்தைப் பார்த்து எங்கே சுவர் இருக்கும், எங்கே கிணறு இருக்கும் என்று அவர்கள் ஊகித்ததை எந்த மேப்பும் சொல்லவில்லை. அந்தச் சில நாட்கள் ஃபோன் வள்ளக்காரருக்கு வேலைக்காரனாக இருந்தது. அவரை வேலை வாங்கவில்லை.

நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்ப்போம். தேஹண்டக்காரர்கள் பலரும் இப்போது ஆன்லைனில் ஆர்டர் எடுக்கிறார்கள். வாத்யாரையும் ஆப்பில் புக் பண்ணலாம். தர்ப்பை, பவித்ரத்தோடு வந்து இறங்குகிறார். கோத்ரம் நட்சத்திரம் கேட்கிற வாத்யாருக்கே நாம் நட்சத்திரம் போட்டு அனுப்பும் காலம்! தமாஷ் இருக்கட்டும். கரமனையில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி மொளகூட்டல், புளியிஞ்சி, அரைச்சுக்கலக்கி என்று மத்தியானச் சாப்பாடு செய்து கொடுக்கிறாள். முதலில் ஒரு பெரிய தளத்தில் சேர்ந்தாள். ஆர்டர் மளமளவென்று வந்தது. கமிஷன் போக மிச்சம் பார்த்தால் தேங்காய் விலைக்குக் கட்டவில்லை. விலையை ஏற்றினால் பட்டியலில் கீழே போய்விடுகிறாள். மாமி என்ன செய்தாள் தெரியுமா? ஒவ்வொரு பொட்டலத்திலும் தன் கையெழுத்தில், இன்று என்ன, நாளைக்கு என்ன, என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்தாள், அடியில் ஃபோன் நம்பர். அதுவரை சாப்பிடுகிறவர் யாரென்று அவளுக்கே தெரியாது. பெயரும் நம்பரும் தளத்திடம்தான் இருந்தது. இப்போது அறுபது வீட்டுக்கு வாட்ஸாப் குழு, தளம் தேவையில்லை. வாட்ஸாப்பும் ஒரு கம்பெனியின் கையில்தானே என்று என் பேரன் கேட்டான். கேள்வி சரிதான். ஆனால் அந்த அறுபது நம்பரும் மாமியின் டயரியில் பேனாவால் எழுதி இருக்கிறது. எல்லோரும் இப்படிச் செய்ய முடியாது. மருந்துப் பையன் துண்டுச் சீட்டு வைத்தால் வேலையே போய்விடும்.

சட்டம் என்ன செய்திருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த மாதிரி வேலை செய்பவர்கள் 2020-21-ல் 77 லட்சம், 2029-30-ல் 2.35 கோடி ஆவார்கள் என்று நிதி ஆயோக் 2022-ல் மதிப்பிட்டது. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களுக்கு முதல்முறையாக ஒரு பெயர் கொடுத்தது; அது அமலுக்கு வர 2025 நவம்பர் 21 ஆயிற்று. கம்பெனிகள் வருஷ வரவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் க்ஷேம நிதிக்குக் கொடுக்கவேண்டும். ராஜஸ்தான் 2023-ல் தனிச் சட்டம் போட்டது. தமிழ்நாடு அதே வருஷம் நல வாரியம் அமைத்தது. கர்நாடகச் சட்டம் 2025-ல் வந்தது. ஒருவரை நீக்குவதானால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, 14 நாள் முன்னால் சொல்லவேண்டும் என்கிறது. தேவ் தத் தீர்ப்பின் வாசனை இதில் அடிக்கிறது. ஐரோப்பிய யூனியனும் 2024-ல் இதே போக்கில் விதி கொண்டுவந்தது.

க்ஷேம நிதி வேண்டியதுதான். ஆனால் புஸ்தகம்? 2011 ஜனவரி 20 முதல் தேசம் முழுவதும் ஃபோன் கம்பெனியை மாற்றினாலும் நம்பரை மாற்றவேண்டாம் என்று ஆயிற்றே, அதற்கு முன்னால் கம்பெனிகள் முடியவே முடியாது என்றன. அந்த மாதிரி நம் விவரங்களை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போகும் உரிமை, 2019-ல் பார்லிமென்டில் வைத்த தகவல் பாதுகாப்பு மசோதாவில் இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பகுதி இல்லை. ஏன் விட்டார்கள் என்பதற்கு நான் ஃபைல் பார்க்கவில்லை. ஆனால் பையனின் இரண்டு வருஷ நல்ல பெயர் அவனோடு வரவேண்டுமானால் அந்த ஒரு வரி சட்டத்தில் திரும்ப வந்தாகவேண்டும். நம் சபையின் அடுத்த மகாநாட்டில் தீர்மானங்கள் போடும்போது, அரங்கேற்றத்துக்கு ஹால் வேண்டும் என்பதோடு இதையும் சேர்க்கலாம் என்று நான் எழுதிக் கொடுக்கத் தயார்.

அதுவரை கையில் உள்ளதைச் செய்யலாம். டெலிவரி, டாக்ஸி ஓட்டுகிற பையன்கள் உங்கள் வாசலுக்கு வந்தால், இ-ஷ்ரம் தளத்தில் பதிந்திருக்கிறாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது. ஒரு நம்பர் தருவார்கள், கம்பெனி மாறினாலும் அது மாறாது. மாசாமாசம் தங்கள் மதிப்பெண் பக்கத்தை ஃபோனிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோர்ட்டில் செல்லுமோ செல்லாதோ, அடுத்த முதலாளியிடம் காட்டலாம். மருந்துப் பையனுக்கு அப்படித்தான் சொன்னேன். காப்பி டம்ளரை வைத்துவிட்டு அப்போதே இரண்டு படம் எடுத்துக்கொண்டான். இன்ஜினீயர் குழந்தைகளுக்கு: ஆஃபீஸ் ரகசியத்தைத் தொடாமல், வருஷத்தில் ஒரு வேலையாவது உங்கள் பெயரில் வெளியே எல்லோரும் பார்க்கும்படி செய்துவையுங்கள். யந்திரம் எழுதிக் கொடுத்த புரோகிராமை வரிவரியாகப் படித்து, ஏன் இப்படி என்று சொல்லத் தெரியாமல் மேலே அனுப்பாதீர்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்ட பில் என்றைக்காவது தணிக்கையில் திரும்பி வரும். அதை நான் 38 வருஷம் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து ரூமிலிருந்து டிகாக்ஷன் வாசனை வருகிறது, செயலாளரும் கடிகாரத்தைப் பார்க்கிறார். இ-ஷ்ரம் பதிவுக்கு உதவி வேண்டுமென்றால் வாசலில் என் பேரன் லாப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறான். ஆதார் கார்டும், ஆதாரில் சேர்த்த ஃபோனும் கையில் இருக்கட்டும்.